கொழுந்து நிறுக்கும் இடத்தில் கேட்ட பால்

ஒரு தாயிடம் போய், "உங்கள் பாலில் கொஞ்சம் இன்னொருத்தி குழந்தைக்குக் கொடுங்கள்" என்று கேட்பது எப்படி என்று எனக்கு நர்சிங் பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை. பால் வங்கியில் வேலை பார்க்கும் உங்களுக்கும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பாலை எப்படிப் பீய்ச்சி எடுப்பது, எந்தச் சூட்டில் காய்ச்சுவது, எவ்வளவு காலம் உறைய வைப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. நான் வேலை பார்த்த காலத்தில் பால் வங்கி என்ற சொல்லே எங்கள் மலைக்கு வந்து சேரவில்லை. ஆனால் அடுத்தவள் பால் இல்லாவிட்டால் பிழைக்காது என்ற நிலையில் குழந்தைகள் அப்போதும் இருந்தன. அப்படி ஒரு குழந்தையைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

எழுபதுகளின் நடுவில் பள்ளிவாசல் என்ற மலையூர்ப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். விவசாயக் குடும்பம். எங்கள் பேச்சு கோயம்புத்தூர்ப் பேச்சு. மலைக்குப் போன புதிதில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் மருந்து வாங்க வந்தால் "வாங்க, உக்காருங்க, என்னங்க பண்ணுது?" என்பேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். என் பேச்சு அவர்களுடைய திருநெல்வேலிக் காதுக்கு வேடிக்கையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கொழுந்து கிள்ளும் பெண்ணை அந்த மலையில் 'ங்க' போட்டு யாரும் கூப்பிட்டதில்லை என்பது கொஞ்ச காலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

ஒரு மழைக்காலத்தில், மின் நிலைய அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த விஸ்வநாதன் என்பவருடைய மனைவி பிரசவத்துக்கு எங்களிடம் வந்தார். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர்கள். முதல் பிரசவம். பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. எங்களிடம் இருந்ததை எல்லாம் செய்தோம். இருந்தது கொஞ்சம்தான். குழந்தையை ஒருமுறை மார்பில் வைத்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண் போய்விட்டார்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள விஸ்வநாதனின் அக்கா கமலம் இருந்தார். இளம் வயதிலேயே கணவனை இழந்து, தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். பிரசவம் பார்க்கக் கல்பாத்தியிலிருந்து வந்தபோது தனக்கென்று தண்ணீர்ச் செம்பும் சமையல் பாத்திரங்களும் கொண்டுவந்திருந்தார். ஆஸ்பத்திரியில் நாங்கள் கொடுத்த காப்பியைக்கூட அவர் தொடவில்லை. அதே கையால் இரவும் பகலும் அந்தக் குழந்தையின் துணிகளை அலசிப் போட்டார். இரண்டும் ஒரே மனுஷிதான்.

டின் பால் கரைத்துக் கொடுத்தோம். குழந்தை குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தது. வயிறு உப்பியது. மலத்தில் ரத்தம் இழையாக வந்தது. பசும்பாலைத் தண்ணீர் கலந்து கொடுத்தோம், இன்னும் மோசமானது. ஆட்டுப் பாலும் அதே கதைதான். குழந்தை வற்றிக்கொண்டே வந்தது. முதலில் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி அழுதுகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் நான் வேலைக்கு வந்தபோது அழுகைச் சத்தம் இல்லை. கமலம் என்னைப் பார்த்து, "இன்னிக்கு சமர்த்தா இருக்கு சிஸ்டர்" என்றார்.

அழும் குழந்தையைக் கண்டு அஞ்சாதீர்கள். பசியோடு இருக்க வேண்டிய குழந்தை சமர்த்தாக இருந்தால் எல்லா வேலையையும் விட்டுவிட்டு அதனிடம் ஓடுங்கள்.

நான் டாக்டரைக் கூட்டி வந்தேன். அவர் திருச்சூர்ப் பக்கத்துக்காரர். தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார். குழந்தையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், என்னை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"டின் பால் இனி வேண்டா. குளுக்கோஸ் வெள்ளம் மாத்திரம் துளித்துளியா கொடுக்கலாம். பட்சே அதில் இந்தக் குட்டி நிக்காது. ஏதெங்கிலும் ஒரு அம்மையோட பால் கிட்டணும் சிஸ்டரே. இன்னைக்கே கிட்டணும்."

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். அடிமாலிப் பாதையில் மண் சரிந்திருந்தது. மறையூர் வழியாக உடுமலைப்பேட்டைக்குப் போகலாம். அந்தக் குளிரில் அவ்வளவு நேரம் ஜீப்பில் குழந்தை தாங்காது. தாங்கினாலும் அங்கேயும் டின்னைத்தான் திறப்பார்கள் என்றார்.

உள்ளே போய் விஸ்வநாதனிடமும் கமலத்திடமும் சொன்னேன். விஸ்வநாதன் உடனே தலையை ஆட்டினார். கமலம் குழந்தையைப் போர்த்தியிருந்த துணியைச் சரி செய்துகொண்டே கேட்டார்.

"யாரு பால் குடுப்பா இங்கே?"

"லயத்துல கைக்கொழந்தக்காரங்க இருக்கறாங்க. அவங்களத்தான் கேக்கோணும்."

கமலம் தன் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வாதாட எனக்கு நேரமில்லை. மத்தியானம் ஆகியிருந்தது. பெண்கள் தங்கள் குழந்தைகளுக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வரும் நேரம் அது.

எஸ்டேட்டில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கொட்டகை இருந்தது. நான் போனபோது மூன்று பெண்கள் நனைந்த சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை மடியில் வைத்திருந்தார்கள். அவர்களில் பேச்சியம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய பிரசவத்தை நான்தான் பார்த்தேன். பையன் உருண்டு திரண்டு இருப்பான். உடம்பில் ஒரு நோய் இல்லாதவள். நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

பேச்சியம்மா கேட்டு முடித்துவிட்டுப் பையனை மறுபக்கம் மாற்றிப் போட்டாள்.

"பாலு குடுக்கதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர். அந்தப் புள்ளைக்கி நாளைக்கி ஒண்ணு ஆயிட்டுன்னா?"

"அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? ஏற்கெனவே உயிருக்குப் போராடிட்டு இருக்குது."

"இது உங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?" என்றாள். பிறகு, நான் அங்கே வேலைக்கு வருவதற்கு முன்னால் நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னாள்.

"எங்க லயத்துல ஒருத்தி இருந்தா. ஆபீஸுக்காரங்க ஒருத்தரு வீட்டுல தாய்க்குப் பாலு இல்லன்னு சொல்லி அவளக் கூப்பிட்டாவ. பின்வாசலு வழியாத்தான் வரணும், யாருக்குந் தெரியக் கூடாதுன்னு சொன்னாவ. அவளும் போயிப் போயிக் குடுத்தா. பொறவு அந்தப் புள்ளைக்கிக் காச்சலு வந்து செத்துப்போச்சு. அவ பாலுதாம் விசம்னு பேசுனாவ. அந்த வீட்டுக்காரங்க என்ன சொன்னாவ தெரியுமா? நாங்க அவளக் கூப்பிடவே இல்ல, அவளாத்தான் வந்தான்னுட்டாவ. அவ எங்கயும் தலகாட்ட முடியாம புருசனக் கூட்டிக்கிட்டு மலைய விட்டே போயிட்டா."

மற்ற இரண்டு பெண்களும் எங்களைப் பார்க்காமல் தங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் இதையேதான் நினைக்கிறார்கள் என்று தெரிந்தது.

அதுவரை, கேட்டால் கொடுப்பார்கள், மறுத்தால் அது மூடநம்பிக்கையாகவோ சாதிப் பயமாகவோ இருக்கும் என்றுதான் எண்ணியிருந்தேன். பேச்சியம்மாவின் பயம் வேறு. அதற்கு நியாயம் இருந்தது. நான் அவளுக்குச் சமாதானம் சொல்லவில்லை. "என்ன பண்ணுனா உங்களுக்குத் தைரியமா இருக்கும்? சொல்லுங்க" என்று மட்டும் கேட்டேன்.

அவள் பையனின் வாயை முந்தானையால் துடைத்தாள்.

"அந்த வீட்டுப் பொம்பள வந்து கேக்கணும். ஐயா வந்து கேட்டாப் போறாது. நாளைக்கிப் பேசப் போறது பொம்பளையதாம். ஆஸ்பத்திரியில வச்சோ எங்க வீட்டுல வச்சோ கேக்கக் கூடாது. சாயங்காலம் கொழுந்து நிறுக்க எடத்துல, எல்லாரும் நிக்கையில வந்து கேக்கட்டும். அப்படிக் கேட்டாவன்னா நாங் குடுக்கேன்."

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி இதை அப்படியே சொன்னேன். விஸ்வநாதனுக்குப் பொறுமை போய்விட்டது. மனைவியை இழந்து முழுசாக அழக்கூட நேரம் கிடைக்காத மனுஷன் அவர்.

"இதுக்கெல்லாம் எங்கே நேரம் சிஸ்டர்? நான் மேனேஜர் பங்களாவுக்குப் போறேன். அவர் ஒரு வார்த்தை சொன்னா கங்காணி அழைச்சிண்டு வந்துடுவான். யார் வேண்டாம்னு சொல்லுவா?"

அது உண்மைதான். மேனேஜர் நல்லவர், விஸ்வநாதனுக்குத் தெரிந்தவர். ஒரு வார்த்தை போதும். டாக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனத்திலும் அதுதான் ஓடியது என்று எனக்குத் தெரியும். நான் உள்ளே போய்க் குழந்தையைப் பார்த்தேன். கமலம் அதன் உதட்டில் குளுக்கோஸ் தண்ணீரைத் துணியால் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார். குழந்தை உதட்டை அசைக்கவில்லை.

நான் வெளியே வந்து டாக்டரிடம், "மேனேஜர் வேண்டாமுங்க" என்றேன்.

"சிஸ்டரே, குட்டி மரிச்சுப் போயால்?"

"பயந்து நிக்கற பொம்பளைக்குப் பால் எறங்காதுங்க, சார். இன்னைக்கு இழுத்துட்டு வந்தா நாளைக்கு வரமாட்டாங்க. நமக்கு ஒருநாப் பால் பத்தாதுங்க, மாசக்கணக்கா வேணும். இந்தம்மா வந்து கேக்கட்டுமுங்க."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சாயங்காலம் ஃபாக்டரி சங்கு ஊதும் வரை பார்ப்போம். அது கழிஞ்சால் மேனேஜரை நான் தன்னே விளிக்கும்" என்றார்.

இன்றைக்கும் நான் சில சமயம் இதைப் புரட்டிப் பார்ப்பதுண்டு. அன்று அந்தக் குழந்தை சாயங்காலத்துக்குள் இறந்திருந்தால், என் முடிவைப் பிடிவாதம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். இந்த வேலையில் நீங்கள் எடுக்கும் முடிவு சரியா தவறா என்பதை நடந்து முடிந்ததை வைத்துத்தான் மற்றவர்கள் அளப்பார்கள். முடிவெடுக்கும் நேரத்தில் உங்களுக்கு அந்த வசதி இருக்காது.

இனி கமலத்திடம் பேச வேண்டும். எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

"அவ பேரென்ன?" என்றார்.

"பேச்சியம்மாங்க."

"கொழந்தை உண்டோ?"

"ஆம்பளப் பையனுங்க."

கமலம் குழந்தையைத் தம்பியிடம் கொடுத்தார். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "வழி காட்டுங்கோ" என்றார்.

கொழுந்து நிறுக்கும் இடத்துக்குச் சேற்றுப் பாதையில் இறங்க வேண்டும். தூறிக்கொண்டிருந்தது. நான் குடை பிடித்தேன். அவர் குடைக்கு வெளியேதான் நடந்தார். நாங்கள் போனபோது பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றிருந்தார்கள். வெள்ளைப் புடவையில் ஒரு பாலக்காட்டு மாமி சேற்றில் இறங்கி வருவதைப் பார்த்ததும் தராசுப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. பெண்களை வேலை வாங்கும் கங்காணி விஷயத்தை எப்படியோ அறிந்திருந்தார். "ஏ பேச்சி, ஐயர் வீட்டு அம்மாவே வந்துட்டாவ. கூடைய எறக்கி வச்சிட்டுக் கெளம்பு" என்று அதட்டினார்.

கமலம் அவர் பக்கம் திரும்பி, "நீர் சொல்ல வேண்டாம். நான் கேக்க வந்திருக்கேனாக்கும்" என்றார்.

பிறகு வரிசையைப் பார்த்து, "பேச்சியம்மா யாரு?" என்று கேட்டார். பேச்சியம்மா கூடையை முதுகிலிருந்து இறக்காமல் ஓர் அடி முன்னால் வந்தாள்.

கமலம் கை கூப்பவில்லை, அழவுமில்லை. எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"என் தம்பி ஆம்படையாள் போயிட்டா. அவ பெத்த கொழந்தைக்கு எந்தப் பாலும் ஒத்துக்கலை. உன் பால் வேணும்னு கேக்க வந்திருக்கேன். குடிச்சு அது பொழைச்சா, பேச்சியம்மா பால்ல பொழைச்சதுன்னு எங்காத்துல எல்லார்கிட்டேயும் சொல்லுவேன். பொழைக்கலேன்னா, அது முன்னாடியே போயிண்டிருந்த உயிர். உன்னை ஒரு வார்த்தை யாரும் சொல்லப்படாது. சொன்னா நான் சும்மா இருக்க மாட்டேன். இவா எல்லாரும் கேட்டுண்டிருக்கா."

பேச்சியம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கூடையை இறக்கினாள்.

"எம் பையனுக்கு ஒரு பக்கம் மிச்சம் வைக்கணும்மா. மத்தப் பக்கம் ஒம் புள்ளைக்கி" என்றாள்.

சங்கு ஊதுவதற்கு முன்பே நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். டாக்டர் பேச்சியம்மாவைப் பரிசோதித்துவிட்டுச் சரி என்றார். குழந்தைக்கு உறிஞ்சத் தெம்பில்லை. பீய்ச்சி எடுத்து, மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். முதல் வாய் கன்னத்தில் வழிந்துவிட்டது. அடுத்தது உள்ளே போனது. வாந்தி வரும் வரும் என்று நாங்கள் எல்லாரும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. மறுநாள் வயிறு தளர்ந்திருந்தது. அடுத்த சில நாட்களில் மலத்தில் ரத்தம் நின்றது. அதற்குப் பிறகு ஒரு காலையில், ஆஸ்பத்திரிப் படியேறும்போதே எனக்கு அந்த அழுகை கேட்டது. பசி அழுகை. நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

பேச்சியம்மாவுக்குப் பிறகு, கொட்டகையில் இருந்த மற்ற இரண்டு பெண்களும் தாங்களாகவே வந்தார்கள். கமலம் கேட்டதை அவர்களும் கேட்டிருந்தார்களே. யாரும் பின்வாசல் வழியாக வரவில்லை.

இது நன்றாக முடிந்த பகுதி. இனிச் சொல்வது, உங்களில் பலருக்கு இதைவிட அதிகம் பயன்படும் என்று நான் நினைக்கும் பகுதி.

அதே லயத்தில் இசக்கியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் அவளுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. பால் கட்டிக்கொள்ளாமல் இருக்க அவள் மாரைத் துணியால் இறுக்கிக் கட்டியவள் நான். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். பால் தேடி அலைந்த அன்று அவள் நினைவு எனக்கு வராமல் இல்லை. டாக்டருக்கும் வந்தது. ஆனால் மண்ணில் பிள்ளையை வைத்துவிட்டு வந்தவளிடம் போய் இன்னொரு பிள்ளைக்குப் பால் கேட்க எனக்கு வாய் வராது என்று சொல்லிவிட்டேன். கேட்காமல் இருப்பதும் சில சமயம் ஒரு முடிவுதான்.

அவளே வந்தாள். மழை விட்ட ஒரு மத்தியானம், நான் மருந்து அறையில் இருந்தபோது வாசலில் நின்றாள். ரவிக்கை நனைந்திருந்தது.

"கட்டிப் பாத்தும் நிக்கல சிஸ்டர். அந்தப் புள்ள அழுக சத்தம் லயம் வரைக்கும் கேக்கு. கேட்டா இன்னும் ஊறுது. நாங் குடுக்கட்டா?"

உள்ளே உட்கார வைத்தேன். அவள் பேசும்போது இருமினாள். இரண்டு வார்த்தைக்கு ஒரு இருமல். கழுத்து எலும்பு தெரிந்தது. கையைப் பிடித்தேன், லேசான சூடு. சாயங்காலமானால் காய்ச்சல் வருகிறதா என்று கேட்டேன். வருகிறது என்றாள். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதிருந்தே என்றாள். கர்ப்பக் களைப்பு என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லையாம்.

டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். என்னிடம் திரும்பிய முகத்தைப் பார்த்ததுமே காசநோயாக இருக்கும் என்று தெரிந்துவிட்டது. சளியைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பதில் வர நாளாகும். அவருக்கு அந்தப் பேச்சை எடுக்க மனமில்லை. "பால் இப்போ போதும், வேண்டி வந்தால் விளிக்கலாம்னு சொல்லி விடு" என்று மெல்ல என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அப்படிச் சொல்லியிருக்கலாம். கேட்க இதமாக இருந்திருக்கும். ஆனால் அது பொய் என்பது அவளுக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும். மற்றவர்கள் தினமும் பால் கொடுக்க வருவதைப் பார்ப்பாள். தன் பிள்ளை செத்ததால் தன் பால் ராசியில்லாதது என்று ஒதுக்கிவிட்டார்கள் என்றுதான் நினைப்பாள். அந்த எண்ணத்தோடு அவள் இந்த ஆஸ்பத்திரிப் படியை மறுபடி மிதிக்கவே மாட்டாள். இருமலோடு அந்த லயத்திலேயே கிடப்பாள்.

அதனால் கதவைச் சாத்திவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"உங்க பாலு வேண்டாமுங்க, இசக்கியம்மா" என்றேன். "நீங்க கொழந்தையப் பறிகுடுத்தீங்கங்கறதுக்காகச் சொல்லல. உங்க நெஞ்சுல சீக்கு இருக்கும்னு டாக்டருக்குச் சந்தேகம். அந்தக் கொழந்த உங்க மடியில படுத்தா அதுக்கும் தொத்திக்கும். தாங்காதுங்க. இதுக்கு ஊசி இருக்குது. ரொம்ப நாள் போடோணும். போட்டா நீங்க பொழைச்சுக்குவீங்க."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் புள்ள அதுனாலதாம் போச்சா சிஸ்டர்?"

தெரியாது என்பதுதான் உண்மை. "எனக்குத் தெரியாதுங்க" என்று சொன்னேன். "ஆமா" என்றோ "இல்லை" என்றோ சொல்லியிருந்தால் அந்த நேரத்துக்கு ஏதோ ஒரு பிடி கிடைத்திருக்கும். எனக்குத் தெரியாத ஒன்றை அவள் வாழ்நாள் முழுக்கச் சுமக்கும்படி கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

அவள் அழுதாள். நான் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊசிக்கு எப்போது வர வேண்டும் என்று கேட்டாள்.

மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒன்று நடந்தது. பேச்சியம்மா வேலைக்கு நடுவில் அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வந்து போனதால் அவள் கூடை மற்றவர்களுடையதைப் போல நிறைவதில்லை. கங்காணி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அன்று இசக்கியம்மாள் தன் கூடையிலிருந்து கொழுந்தை இரண்டு கையாலும் அள்ளிப் பேச்சியம்மா கூடையில் போட்டாளாம். "என்னட்டி இது?" என்று பேச்சியம்மா கேட்டதற்கு, "என்னயக் குடுக்கக் கூடாதுன்னுட்டாவ. நீ பாலு குடுக்கல்லா, ஒங் கொழுந்த நாங் கிள்ளுதேன்" என்றாளாம். பக்கத்தில் நின்ற பெண்களும் ஆளுக்கொரு கை அள்ளிப் போட்டார்கள். அது வழக்கமாகிவிட்டது. நோயோடு மலையேறாதே என்று நான் இசக்கியம்மாளைத் திட்டினேன். சோதனைப் பதில் வந்து, நோய் உறுதியாகி, டாக்டர் அவளைக் கட்டாய விடுப்பில் உட்கார வைக்கும் வரை அவள் நிறுத்தவில்லை. நெடுங்காலம் ஊசி போட்டுக்கொண்டாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. பிழைத்தாள். நான் அந்த மலையை விட்டு வரும்போது அவள் மற்றவர்களைப்போல வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை.

பால் கொடுக்க வருகிற எல்லாரிடமும் நீங்கள் வாங்க முடியாது. ரத்தப் பரிசோதனையில் ஏதோ ஒன்று வரும், வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதை ஒரு தாளை நீட்டிச் சொல்லாதீர்கள். உட்கார்ந்து சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்லப்பட்டவள்தான் அன்று உங்கள் நோயாளி.

குழந்தை வளர்ந்தது. உறிஞ்சத் தெம்பு வந்ததும் பேச்சியம்மா மடியிலேயே குடித்தது. கமலம் தினமும் குழந்தையை எடுத்துக்கொண்டு மத்தியானத்தில் கொட்டகைக்கு வருவார். பேச்சியம்மா பால் கொடுக்கும்போது அவளுடைய பையனை இவர் மடியில் வைத்துக்கொள்வார். அவன் இவருடைய வெள்ளைப் புடவையை நனைத்துவிடுவான். முதல் தடவை அவர் திடுக்கிட்டதைப் பார்த்தேன். பிறகு ஒரு மாற்றுப் புடவையைப் பையில் வைத்துக்கொண்டு வரத் தொடங்கினார். அவர் எங்கள் காப்பியைக் கடைசி வரை குடிக்கவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

கஞ்சியும் கேழ்வரகுக் கூழும் சாப்பிடத் தொடங்கிய பிறகும் குழந்தை ஒரு வேளை பாலுக்குப் பேச்சியம்மாவைத் தேடியது. அப்போது விஸ்வநாதனுக்குப் பாலக்காட்டுக்கு மாற்றல் வந்தது. உடுமலைப்பேட்டை வழியாகப் போகும் காலை பஸ்ஸில் கிளம்பினார்கள். பேச்சியம்மா வேலைக்குப் போகும் வழியில் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தாள். ஓரமாக உட்கார்ந்து குழந்தைக்கு வயிறு நிறையக் கொடுத்தாள். முதுகில் தட்டி ஏப்பம் வரவைத்து, கமலம் கையில் கொடுத்தாள். "வழியில அழாது" என்றாள். கமலம் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். பஸ் வளைவில் திரும்பும் முன்பே பேச்சியம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிவிட்டாள்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் நான் வெந்நீர்ப் பாத்திரமும் துணியும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். குடிக்கிற குழந்தை திடீரென்று இல்லாமல் போனால் கொடுத்தவள் உடம்புக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கேட்க அத்தனை பேர் போனோம். முடிந்த அன்று ஒருவராவது போக வேண்டும். நீங்களும் போங்கள். உங்களிடம் பால் கொடுத்த தாயிடம், இனி வேண்டாம் என்று சொல்லும் நாளில், யாராவது ஒருவர் நேரில் போங்கள்.

பேச்சியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பையன் குடித்துவிட்டு மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். மறுபக்கம் கட்டிப்போய்க் கல்லாக இருந்தது. நான் ஒத்தடம் கொடுக்கத் தொடங்கினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்பம் பஸ்ஸு எங்க போயிருக்கும் சிஸ்டர்?"

"மறையூர் தாண்டியிருக்குமுங்க."

"அங்கயும் மழையா?"

"இல்லீங்க. அந்தப் பக்கம் மழை கம்மி. வெயிலா இருக்கும்."

கொட்டகைக்கு வெளியே பெண்கள் மறுபடி மலையேறப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். துணியை நனைத்துப் பிழிந்து மறுபடி வைத்தேன்.

"அப்பம் முழிச்சிருப்பா" என்றாள். "இது அவ குடிக்க நேரம்."